குலதெய்வத்தோடு துபாய்க்குக் குடிபோகும் சேலத்துக் குடும்பங்களுக்கு

துபாயில் 14 ஆண்டுகள் குடும்பத்தோடு இருந்துவிட்டு அம்மாப்பேட்டைக்குத் திரும்பிவிட்ட எங்கள் வீட்டுக்கு, விசா கைக்கு வந்ததும் யோசனை கேட்டு வருகிறவர்கள் சம்பளத்தையும் வாடகையையும் பற்றி அதிகம் கேட்பதில்லை. அவற்றை நிறுவனத்தாரும் முன்னே போன நண்பர்களும் சொல்லிவிடுகிறார்கள். காபி குடித்து முடித்து, எழுந்து வாசல்வரை வந்த பிறகுதான், சாமி படத்தை எங்கே வைப்பது, ஆடி மாதத்துக்கு என்ன செய்வது, பெரியவர்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் காரியம் எங்கே செய்வது என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன். எழுதுவது துபாயைப் பற்றி மட்டுமே. வளைகுடா நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே விதி இல்லை. சவூதி அரேபியாவில் இந்துக் கோயிலும் இல்லை, பொது வழிபாட்டுக்கு இடமும் இல்லை என்பதால், அங்கே போகிறவர்கள் இதை அப்படியே பின்பற்றக் கூடாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும். துபாயில் உங்கள் வழிபாட்டுக்கு எல்லையாக இருப்பது உங்கள் வீட்டுக் கதவு. கதவுக்கு உள்ளே விளக்கேற்றலாம், விரதம் இருக்கலாம், கொலு வைக்கலாம், திதி கொடுக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். கதவுக்கு வெளியே, அரசு உரிமம் பெற்ற இடத்தில், அந்த இடத்தின் ஒழுங்குக்கு உட்பட்டு மட்டுமே வழிபாடு நடக்கும். தெருவே கோயிலாக மாறும் எட்டுப் பேட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவையும் குகை வண்டி வேடிக்கையையும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கோடு பழகச் சிறிது காலம் பிடிக்கும்.

இந்தக் கோட்டுக்குள் வாழக் கற்றுக்கொண்ட முதல் இந்துக்கள் நாம் அல்லர். ஓமானின் மஸ்கட்டில் கச்சு வணிகர்களும், பஹ்ரைனின் மனாமாவில் சிந்துவின் தட்டா நகரத்து வணிகர்களும் பல தலைமுறைகளாக வாழ்ந்துவருகிறார்கள். மனாமாவின் ஸ்ரீநாத்ஜி கோயில் 1817இல் எழுந்தது. துபாயில் பர் துபாய்க் கடைவீதிச் சந்துக்குள், பெரிய பள்ளிவாசலுக்கு அருகிலேயே, 1958இல் கோயில் அமைந்தது. 1960களின் நடுப்பகுதி வரை அங்கே புழங்கிய பணமே இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட ரூபாய்தான். ஆனால் இந்தக் கோயில்களைக் கட்டியவர்கள் சிந்திகளும் குஜராத்திகளும் என்பதால், கோட்டை மாரியம்மனையும் முனியப்பனையும் அங்காளம்மனையும் தேடிப்போகிறவர்கள் அவர்களை அங்கே காண முடியாது. நம் தெய்வங்களுக்கு அந்த ஊரில் இருக்கும் ஒரே இடம் நம் வீட்டு அலமாரிதான்; அதனால்தான் வீட்டைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெட்டி கட்டும் முன்

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயிலில் நடந்த திருமணத்துக்குக் கோயில் ரசீதையும் பத்திரிகையையும் வைத்திருப்பவர்கள், அவை குடும்ப விசாவுக்குச் செல்லாது என்பதை அறிந்து, தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி பதிவாளரிடம் பெற்ற சான்றிதழை வைத்துக்கொள்ள வேண்டும். அது மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், ஐக்கிய அரபு அமீரகத் தூதரகம் ஆகிய மூன்று படிகளிலும் சான்றுபெற்று, பிறகு அமீரகத்திலும் ஒரு முத்திரை பெற வேண்டும். இதை ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. போன பிறகு செய்தால் வயதான அப்பாவோ மாமனாரோதான் சென்னைக்கு அலைவார். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாக அனுமதி பெற்று, 10 லட்சம் ரூபாய்க் காப்பீட்டையும் எடுத்த பிறகே வேலைக்காகப் புறப்பட முடியும். குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 4,000 திர்ஹமோ, வீட்டு வசதியுடன் 3,000 திர்ஹமோ இருக்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன வைக்கக் கூடாது என்பதுதான் பெரிய செய்தி. குருமாவுக்கு அரைக்கும் கசகசா அமீரகத்தில் போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. ஒரு கைப்பிடி இருந்தாலும் அது சமையல் பொருள் என்ற விளக்கம் எடுபடாது; மாமியார் கட்டிக்கொடுத்த மசாலாப் பொட்டலத்தில் கசகசா கலந்திருக்கிறதா என்று பெட்டியை மூடும் முன் கேட்டுவிடுங்கள். வீட்டில் அரைத்த குருமாத் தூள், கோழிக் குழம்புத் தூள் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அடுத்தது வெற்றிலை. பான் வகைகளோடு சேர்த்து வெற்றிலையையும் அங்கே தடுத்திருக்கிறார்கள். எங்கள் முதல் நவராத்திரிக்கு இதைச் சொன்னபோது என் பெரியம்மா தொலைபேசியில், "வெத்தலை இல்லாம அது என்ன தாம்பூலம் கண்ணு?" என்று கேட்டார். மஞ்சள் கிழங்கு, குங்குமம், பூ, ஒரு வாழைப்பழம் ஆகிய நான்கையும் தட்டில் வைத்துக் கொடுப்பதே அங்கே தாம்பூலம். இரண்டாம் ஆண்டிலிருந்து அது குறையாகவே தோன்றவில்லை. தூக்க மாத்திரை, சிலவகை வலி மாத்திரை, கோடின் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றுக்கு அமீரக அரசின் முன்அனுமதி வேண்டும். மருத்துவர் சீட்டு மட்டும் போதாது. கற்பூரமும் கொப்பரையும் எளிதில் தீப்பற்றுபவை என்பதால் விமானத்திலேயே ஏற்ற விடமாட்டார்கள். இரண்டும் இல்லாமல் போனால் தவறில்லை, கற்பூரமும் தேங்காயும் அங்கேயே கிடைக்கும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளி விளக்கையும் குத்துவிளக்கையும் எடுத்துப்போகலாம். ஆனால் கைப்பணமும் நகையும் சேர்ந்து 60,000 திர்ஹம் மதிப்பைத் தாண்டினால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

பிடிமண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரைவிட்டுப் போகிறவர்கள் குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய், குடியேறும் இடத்தில் வைத்து வணங்குவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். சேர்வராயன் மலையிலிருந்து கீழே இறங்கிக் குடியேறிய குடும்பங்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். நாட்டு எல்லையைத் தாண்டும்போது இந்த வழக்கம் விதிகளோடு மோதுகிறது. மண்ணும் மண்ணோடு கூடிய செடியும் தாவர நோய்களைக் கொண்டுவரும் என்பதால் அனுமதியின்றி உள்ளே விடமாட்டார்கள். பூசாரியிடம் சொல்லி, மண்ணுக்குப் பதிலாகக் கோயில் திருநீற்றையோ குங்குமத்தையோ வாங்கிக்கொள்ளுங்கள். பூசாரிகள் இதை மறுத்து நான் கேட்டதில்லை. அதையும் பாலித்தீன் பையில் முடிச்சுப்போட்டு எடுத்துப்போகாமல், கடையில் விற்கும் முத்திரையிட்ட, பெயர் அச்சிட்ட திருநீற்றுப் பொட்டலங்களோடு ஒரு சிறு சிமிழில் வைத்துக்கொள்வது நல்லது. பெயரில்லாத வெள்ளைப் பொடி எந்த விமான நிலையத்திலும் கேள்வியைக் கிளப்பும். துளசிச் செடியையும் இங்கிருந்து எடுத்துப்போக வேண்டாம். அங்குள்ள செடி விற்பனை நிலையங்களில் துளசி கிடைக்கும். அரபு வீடுகளிலும் துளசிக்கு உறவான ரைஹானைத் தொட்டியில் வளர்க்கிறார்கள். முதன்முறை அதை முகர்ந்து பார்த்தபோது எனக்கு அம்மா வீட்டு மாடம் நினைவுக்கு வந்தது.

வீடு பார்ப்பதும் பால் காய்ச்சுவதும்

வாடகை வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது வாஸ்துவை முழுமையாகத் தேடினால் வீடே கிடைக்காது. கிழக்குப் பார்த்த சுவர் ஒன்று, அதில் கதவு வைத்த ஓர் அலமாரி, அலமாரிக்கு நேர் மேலே குளிர்காற்று வராத இடம், கூரையில் புகை உணரி இல்லாத இடம் ஆகிய நான்கும் அமைந்தால் பூஜை இடத்துக்குப் போதும். கடைசி இரண்டைப் பலரும் பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்கவில்லை. குடிபோன முதல் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டோம். பத்து நிமிடத்தில் கட்டடம் முழுவதும் அபாயச் சங்கு ஒலித்து, ஏழு மாடிக்காரர்கள் குழந்தைகளோடு படியிறங்கிப் போய் வெயிலில் நின்றார்கள். நாத்தூர் என்று அங்கே அழைக்கப்படும் காவலாளி, வியர்வை வழிய எங்கள் வாசலில் வந்து நின்றார். அண்டை வீட்டாரோடு எங்களுக்கு ஏற்பட்ட முதல் அறிமுகம் அது.

அதற்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்ட வழியைச் சொல்கிறேன். அரபு வீடுகளில் விருந்தினர் வரும்போது பகூர் என்னும் நறுமணக் கட்டையையும் லுபானையும் மப்கரா என்னும் தூபக்காலில் புகைப்பார்கள். மின்சாரத்தில் வேலை செய்யும் சிறிய மப்கராவை அங்கே எளிதில் வாங்கலாம். தணல் தேவையில்லை, புகை மெல்லியதாக வரும், மூடியும் உண்டு. நம் சாம்பிராணிக்கு அதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை. லுபான் என்பது ஓமானின் தோஃபார் மலைகளில் விளையும் குந்திரிக்கம். சாம்பிராணியோ சுமத்திராப் பக்கத்து மரத்தின் பால், அதனால் அரேபியர் அதை லுபான் ஜாவி, அதாவது ஜாவா லுபான் என்று அழைத்தார்கள். கடைக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சாம்பிராணியை எடுத்துக்கொடுப்பார். வெள்ளிக்கிழமை மாலை நம் வீட்டிலிருந்து புகைமணம் வந்தால், எதிர்வீட்டு அரபுக் குடும்பத்துக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

விளக்கைப் பொறுத்தவரை, ஒரே ஒரு சிறிய காமாட்சி விளக்கு, குட்டைத் திரி, அடியில் தண்ணீர் ஊற்றிய தட்டு ஆகியவை போதும். எரியும் விளக்கை விட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒருநாளும் போகாதீர்கள். போகும்போது மலரால் குளிரவைத்துவிட்டு மின்விளக்கைப் போட்டுவிடுங்கள். பால்கனியில் அடுப்போ தணலோ வைக்க அனுமதியில்லை என்பதால் அங்கே பொங்கல் பானை வைக்க முடியாது. வீட்டுக்குள் ஹோமம் வளர்ப்பதை அடியோடு மறந்துவிடுங்கள். கணபதி ஹோமம் செய்தே தீர வேண்டுமென்றால் அதைச் சேலத்தில் உள்ள வீட்டில் செய்யச் சொல்லிவிட்டு, துபாய் வீட்டில் புதுப் பாத்திரத்தில் பால் மட்டும் காய்ச்சுங்கள். மணியை மெதுவாக அடியுங்கள், சுவர்கள் மெல்லியவை. விடியற்காலைப் பாங்கு ஒலிக்கும் நேரத்தில் எழுந்து குளித்து விளக்கேற்றுகிறவர்களுக்கு அந்த ஊர் நேரம் மிகவும் ஒத்துவரும். எங்கள் வீட்டில் சுப்ரபாதம் வைப்பதற்கு முன் பாங்கு முடியட்டும் என்று காத்திருப்பது நாளடைவில் ஒரு பழக்கமாகிவிட்டது.

கோலம் போடும் பெண்கள் கேட்பார்கள்: வாசல் எங்கே? அடுக்ககத்தின் நடைபாதை எல்லோருக்கும் பொதுவானது. அங்கே அரிசிமாவு கொட்டினால் எறும்பு வரும், புகாரும் வரும். கதவுக்கு உள்பக்கம் ஒரு மரப்பலகையில் கோலமிட்டு வைத்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருவதில் மட்டும் நமக்கும் அரேபியருக்கும் வேறுபாடே இல்லை. ஆனால் கழற்றிய செருப்பை நடைபாதையில் குவிக்காமல் உள்ளே ஒரு தட்டில் வைக்க வேண்டும்.

பஞ்சாங்கத்தை அந்த ஊருக்குத் திருத்துவது

இதில்தான் பெரும்பாலானவர்கள் தவறு செய்கிறார்கள், படித்தவர்கள் இன்னும் அதிகமாகவே செய்கிறார்கள். சேலத்திலிருந்து பாம்புப் பஞ்சாங்கத்தையோ நாட்காட்டியையோ எடுத்துப்போய், எல்லா நேரத்திலிருந்தும் ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துக்கொள்கிறார்கள். அது பாதிதான் சரி.

பஞ்சாங்கத்தில் இரண்டு வகை நேரங்கள் இருக்கின்றன. திதியும் நட்சத்திரமும் சூரிய சந்திரர்களின் நிலையைக் கொண்டு கணிப்பவை. உலகம் முழுவதற்கும் அவை ஒரே கணத்தில் முடிகின்றன. பௌர்ணமி இந்திய நேரம் மாலை 6:30க்கு முடிந்தால், துபாய்க் கடிகாரத்தில் அது 5 மணி. இங்கே ஒன்றரை மணி நேரத்தைக் கழிப்பது முறை. மனாமா, தோஹா, குவைத் ஆகிய ஊர்களில் இருப்பவர்கள் இரண்டரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். ராகுகாலம், எமகண்டம், குளிகை, பிரதோஷ வேளை ஆகியவையோ அந்தந்த ஊரின் சூரிய உதயத்தையும் மறைவையும் கொண்டு கணிப்பவை. அவற்றில் கழித்தல் கணக்கே உதவாது.

வெள்ளிக்கிழமை ராகுகாலத்தை எடுத்துக்கொள்வோம். பகல் பொழுதை எட்டாகப் பிரித்தால் வெள்ளிக்கு நான்காவது பங்கு ராகுகாலம். ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறையும் நாளில் அது 10:30 முதல் 12 வரை. துபாயில் ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கு உதித்து மாலை 5:40க்கு மறைகிறது. பகல் 640 நிமிடம், ஒரு பங்கு 80 நிமிடம். ஆகவே வெள்ளி ராகுகாலம் 11 மணிக்குத் தொடங்கி 12:20க்கு முடியும். ஜூன் இறுதியில் 5:30க்கு உதயம், 7:10க்கு மறைவு. ஒரு பங்கு 100 நிமிடத்தைத் தாண்டிவிடும், ராகுகாலம் ஏறக்குறைய 10:38 முதல் 12:20 வரை. ஒன்றரை மணியைக் கழித்தவர் 9 முதல் 10:30 வரை வீட்டைவிட்டுப் புறப்படாமல் காத்திருந்துவிட்டு, உண்மையான ராகுகாலத்தில் புறப்பட்டிருப்பார். மற்ற நாட்களுக்கும் இதே முறைதான்: திங்களுக்கு இரண்டாவது பங்கு, சனிக்கு மூன்றாவது, புதனுக்கு ஐந்தாவது, வியாழனுக்கு ஆறாவது, செவ்வாய்க்கு ஏழாவது, ஞாயிறுக்கு எட்டாவது.

இரண்டு வகைகளும் சந்திக்கும் இடத்தில் நாளே மாறிப்போகும். ஜனவரியில் துபாய்ச் சூரியன் உதிக்கும்போது இந்திய நேரம் 8:30. சேலத்தில் விடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு திதி இந்திய நேரம் காலை 7:30க்கு முடிந்தால், சேலத்தில் உதயத்தின்போது இருந்த அந்தத் திதி துபாய் உதயத்தின்போது இருக்காது. மாலையிலும் அப்படியே: திரயோதசி இந்திய நேரம் மாலை 6:40க்கு முடிகிற நாளில் சேலத்தில் பிரதோஷம் உண்டு, துபாயில் சூரியன் மறைவதற்குள் அது கடந்துபோயிருக்கும். விரதத்தையும் திதியையும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவர்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கும் வசதியுள்ள பஞ்சாங்கச் செயலியில் துபாயை வைத்துப் பார்க்கட்டும். ஊரிலுள்ள உறவினர்களோடு ஒரே நாளில் செய்வதுதான் முக்கியம் என்று நினைப்பவர்கள் சேலத்து நாளையே வைத்துக்கொள்ளட்டும். நான் என் அப்பாவின் திதியைச் சேலத்து நாளில்தான் செய்தேன். அண்ணன் சேலத்தில் பிண்டம் வைக்கும் அதே நாளில் துபாயில் காக்கைக்குச் சோறு வைப்பதில் ஒரு நிறைவு இருந்தது. துபாயில் எங்கள் வீட்டுக்குக் காக்கை அரிதாகத்தான் வரும். மைனா வரும், வைத்த சோறு மிஞ்சாது.

வார விடுமுறையும் முன்போல் இல்லை. 2022 ஜனவரியிலிருந்து அமீரக அரசு சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறி, வெள்ளியை அரைநாள் ஆக்கியது. அதற்கு முன் வெள்ளி விடுமுறை என்பதால் அம்மனுக்குரிய நாளில் வீட்டில் இருக்கும் வாய்ப்பு நமக்கு இருந்தது. அந்த மாற்றத்துக்காக வருந்தியவர்களில் சேலத்துக்காரர்களும் உண்டு.

கதவுக்கு வெளியே

பர் துபாயில் இருந்த சிவன் கோயிலும், சிந்திகளின் வழிபாட்டிடமான குரு தர்பாரும் 2024 ஜனவரியில் ஜெபல் அலிக்கு மாறின. கிருஷ்ணர் கோயில் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஜெபல் அலியின் புதிய கோயில் 2022 அக்டோபரில், தசராவை ஒட்டித் திறக்கப்பட்டது. தேவாலயங்களும் குருத்வாராவும் பக்கம்பக்கமாக நிற்கும் வளாகத்தில் 16 தெய்வங்களுக்குச் சன்னிதிகள் உள்ளன, சீக்கியரின் குரு கிரந்த சாகிபுக்கும் அங்கே இடம் உண்டு. அபுதாபிச் சாலையில் அபு முரைகாவில் 2024 பிப்ரவரி 14 அன்று திறந்த சுவாமிநாராயண் கோயில் ராஜஸ்தானத்து இளஞ்சிவப்புக் கல்லால் ஆனது; ஏழு அமீரகங்களைக் குறிக்கும் ஏழு கோபுரங்களைக் கொண்டது. அதில் ஐயப்பனையும் திருப்பதி பாலாஜியையும் காணலாம். அங்கே போக முன்பதிவும் அடக்கமான உடையும் தேவை. தமிழர் அதிகம் வாழும் குசைஸிலிருந்து ஜெபல் அலிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும் என்பதால், கோயிலை வாரம் தவறாமல் பார்க்கும் திட்டம் வைக்காமல், மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முஸ்லிம் அல்லாதாரின் வழிபாட்டு இடங்களை ஒழுங்குபடுத்தவே 2023இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. வீட்டில் நாலு குடும்பம் கூடிச் சுண்டல் தின்பது வேறு. வாராவாரம் ஒரு பிளாட்டில் ஐம்பது பேர் கூடி ஒலிபெருக்கி வைத்து பஜனை நடத்துவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள், அழைத்தாலும் போகாதீர்கள்.

இன்னொரு விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் நல்லெண்ணத்தாலேயே மாட்டிக்கொள்ளக்கூடும். கோயில் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பது நமக்கு இயல்பான வேலை. வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பையன்களிடம் வாட்ஸ்அப் குழுவில் வசூலித்துத் தரும்படி ஒருவரிடம் ஊரில் பொறுப்பை ஒப்படைப்பார்கள். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 3ஆம் எண் சட்டப்படி உரிமம் பெற்ற அமைப்புகள் தவிர வேறு யாரும் நன்கொடை திரட்டக் கூடாது. கும்பாபிஷேகத்துக்கோ, இறந்தவர் குடும்பத்துக்கோ, எதற்காகத் திரட்டினாலும் குற்றம்தான். சிறையும் பெருந்தொகை அபராதமும் உண்டு. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக்குப் பணம் அனுப்பி, வீட்டார் கோயிலில் வரி கட்டட்டும். அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால், பெரியவர்களிடம் பணிவாகச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

பண்டிகைகளில் பொங்கலுக்கு அலைச்சல் குறைவு. கரும்பும் மஞ்சள் கொத்தும் வாழையிலையும் பெரிய கடைகளுக்கு வந்துவிடும்; சமையலறை அடுப்பிலேயே பொங்கல் வைக்கலாம். தீபாவளிக்கு உரிமமின்றிப் பட்டாசு வைத்திருந்தால் ஓராண்டுக்குக் குறையாத சிறையோ, 1,00,000 திர்ஹத்துக்குக் குறையாத அபராதமோ கிடைக்கும். நகரமே நடத்தும் வாணவேடிக்கையைப் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு மஞ்சளிலோ களிமண்ணிலோ கையளவு பிள்ளையார் பிடித்து, வாளித் தண்ணீரில் கரைத்துத் துளசித் தொட்டியில் ஊற்றிவிட வேண்டும்; கடலுக்கோ கால்வாய்க்கோ எடுத்துப்போகக் கூடாது. கிடா வெட்டும் நேர்த்தியை ஊரிலேயே நிறைவேற்றுங்கள்.

ரமலான் மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்து வருகிறது. நம் பண்டிகைகள் சூரியனோடு கட்டுண்டவை. இப்போது மாசியை ஒட்டி வரும் நோன்பு இன்னும் சில ஆண்டுகளில் தை மாதத்துக்கு வந்துவிடும். கணக்கின்படி 2030ஆம் ஆண்டுப் பொங்கல் ரமலானுக்குள் விழும். அம்மாதத்தில் பகலில் பொது இடத்தில் உண்பதைத் தவிர்ப்பது மரியாதை. பொங்கலை வீட்டுக்குள் காலையில் வைத்துவிட்டு, அண்டை வீடுகளுக்குக் கொடுப்பதை மாலை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுப்பதிலும் ஒரு நேர்மை தேவை. சாமிக்குப் படைத்ததை உண்ண முஸ்லிம்கள் பலர் விரும்பமாட்டார்கள், வாங்கிக்கொண்டு சங்கடப்படுவார்கள். படைக்கும் முன்பே ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்து, இது படைக்காதது என்று சொல்லிக் கொடுங்கள். எதிர்வீட்டுப் பாட்டியம்மாள் முதல் ஆண்டு தட்டைக் கையில் வாங்கியபடி தயங்கி நின்றதும், நான் இதைச் சொன்ன பிறகு அடுத்த ஆண்டுகளில் அவரே கேட்டு வாங்கியதும் எனக்கு நினைவிருக்கிறது. பதிலுக்குப் பேரீச்சம்பழமும் கஹ்வாவும் வரும். ஏலக்காய் மணக்கும் அந்தக் காபியை வலக்கையால் வாங்க வேண்டும். போதும் என்றால் குட்டிக் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். விடுப்பு முடிந்து போகும்போது ஏற்காட்டுக் காபிக்கொட்டை அரைக் கிலோ எடுத்துப்போய்க் கொடுத்துப் பாருங்கள். காபிக்கொட்டை யேமனிலிருந்துதான் நம் மலைகளுக்கு வந்தது என்று சொன்னால், அந்த வீட்டில் உங்களுக்கு இடம் உறுதி.

பிறப்பு, இறப்பு, உயில்

குழந்தை அங்கே பிறந்தால் 120 நாட்களுக்குள் கடவுச்சீட்டும் குடியிருப்பு விசாவும் பெற வேண்டும் என்பதால், பதினாறாம் நாள் பெயர் வைப்பதற்குள் பெயரை எழுத்தெழுத்தாக முடிவுசெய்துவிடுங்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு.

இறப்பைப் பற்றிப் பேச யாரும் விரும்புவதில்லை, ஆனாலும் பேசிவைத்தாக வேண்டும். இந்துக்களுக்கான எரியூட்டும் இடம் ஜெபல் அலியில் உள்ளது. அங்கேயே தகனம் செய்து அஸ்தியை ஊருக்குக் கொண்டுவரலாம், அல்லது உடலையே ஊருக்கு அனுப்பலாம். எதுவாயினும் இறப்புச் சான்றிதழும் இந்தியத் துணைத் தூதரகத்தின் ஆவணங்களும் இல்லாமல் நடக்காது, அவற்றைப் பெறச் சில நாள் ஆகும். ஆகவே மூன்றாம் நாள், பத்தாம் நாள் கணக்கை இறந்த நாளிலிருந்து எண்ணுவதா, தகனத்திலிருந்து எண்ணுவதா என்று குடும்பப் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. துக்க வீட்டில் இந்த விவாதம் எழுவதை இரண்டு முறை கண்டிருக்கிறேன்.

2023 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த, முஸ்லிம் அல்லாதாருக்கான 2022ஆம் ஆண்டு 41ஆம் எண் சட்டப்படி, உயில் இல்லாமல் இறப்பவரின் சொத்தில் பாதி கணவன் அல்லது மனைவிக்கும், மறுபாதி ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்கும் போகும். ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் பங்கு போக வேண்டும் என்று நினைப்பவர்கள் அங்கே ஓர் உயிலைப் பதிவுசெய்ய வேண்டும். பெற்றோர் இருவரும் இல்லாமல் போனால் குழந்தைகளுக்கு யார் காப்பாளர் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

ஆடி விடுப்பு

துபாயின் இந்தியப் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்டில்தான் நீண்ட விடுமுறை. அது ஆடி மாதத்தோடு ஒத்துவருவது நமக்கு வாய்த்த வசதி. அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டி, வெளிவேலைக்கே நடுப்பகலில் தடை போடும் காலம் அது. ஆனால் எல்லோரும் அப்போதே புறப்படுவதால் பயணச்சீட்டின் விலை ஏறும். பிப்ரவரியிலேயே கோயம்புத்தூர், திருச்சி, பெங்களூர் ஆகிய மூன்று ஊர்களுக்கும் விலை பார்த்து, சேலத்துக்கான ரயிலையும் சேர்த்துக் கணக்கிட்டு வாங்கிவிடுங்கள். ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே குலதெய்வக் கோயிலுக்குப் போய்விடுவது நல்லது. கடைசி வாரத்துக்குத் தள்ளினால் பத்திர வேலையும் பல் மருத்துவரும் அதைத் தின்றுவிடுவார்கள். போகும்போது அலமாரியில் வைத்திருந்த சிமிழையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். பூசாரி அதில் புதுத் திருநீற்றை நிரப்பித் தருவார், அடுத்த ஆடிவரைக்கும் அது போதும்.